தொப்பி ஒரு காரணம்

கண்ணாடி முன் நின்று நீளமான ஊசியைத் தொப்பிக்குள் விட்டுக் கொண்டையில் குத்திக்கொண்டிருந்தேன். ராஸ்கோ காபிக் கோப்பையோடு வந்து கதவில் சாய்ந்தான். என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தான், பிறகு கீழிருந்து மேலே ஒரு தடவை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குத் தெரிந்த பார்வை அது. வாயில் ஏதோ தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“கோர்ட்டுக்குப் போறியா, ஈஸ்டருக்குப் போறியா?”

“ஜூரிக்குப் போறேன். பதினெட்டு வயசுலேர்ந்து ஓட்டுப் போடறேன், இப்பத்தான் மொத தடவையா கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு எப்படிப் போகணுமோ அப்படித்தான் போவேன்.”

“நல்லாப் போ. ஆனா உன்னை உக்கார வைக்க மாட்டாங்க வெல்லா. மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வந்து நிப்ப. ரெண்டு பேருக்குமே சேத்து கார்ன்பிரட் போட்டு வைக்கறேன்.”

அவனை இரண்டு முறை ஜூரிக்குக் கூப்பிட்டு, இரண்டு முறையும் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து அவனுக்கு ஒரு வசனம் கிடைத்துவிட்டது. முடி வெட்டுகிற கடையில், சர்ச் வாசலில், என் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட்டான். “நம்ம ஊர் கோர்ட்டுல நம்மாளுக்குன்னு ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கான். அது குற்றவாளி உக்கார்ற நாற்காலி.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் நான் அவனை நம்பவில்லை. சட்டம் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறது, அதில் கறுப்பு வெள்ளை என்று நிறம் பார்க்கக் கூடாது என்று இருக்கிறது, அதற்காக மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள், அது வெறும் காகிதமாக இருக்க முடியாது என்று நினைக்கிற ரகம் நான். ராஸ்கோ என்னைச் சர்ச்சில் இருக்கிற மற்ற கிழவிகளைவிடப் பெரிய பக்தை என்பான். அவர்களுக்காவது பைபிள் ஒன்றுதான், எனக்கு அரசியல் சாசனமும் சேர்த்து இரண்டு என்பான்.

தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்தரிப்பூ நிறம். தோள் அகலத்துக்கு விளிம்பு. ஒரு பக்கம் வலைத்துணியைச் சுருட்டிப் பூவாக வைத்து, அதிலிருந்து இரண்டு இறகுகள் எழுந்து பின்பக்கம் சாயும். சவன்னா நகரத்தில் வாங்கியது. எங்கள் சர்ச்சில் பெண்கள் தொப்பி போடுவதென்றால் அது வெயிலுக்கு இல்லை. வாரம் முழுக்க யார் வீட்டுத் தரையையோ துடைத்தவள் ஞாயிற்றுக்கிழமை ராணியாக நடந்து வருவதற்கு. ஆண்கள் சர்ச்சுக்குள்ளோ கோர்ட்டுக்குள்ளோ நுழைந்தால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், பெண்கள் கழற்ற வேண்டியதில்லை. ஞானஸ்நானத்துக்கும் சாவுக்கும் தவிர வேறு எதற்கும் நான் அந்தத் தொப்பியை வெளியே எடுத்ததில்லை. ஜூரிக் கடிதம் வந்த அன்று பெட்டியைத் திறந்து தூசி தட்டி வைத்துவிட்டேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கோர்ட்டுக் கட்டிடத்தை என் அம்மா கூட்டித் துடைத்தவள். ஜூரி உட்காரும் பன்னிரண்டு நாற்காலிகளையும் எலுமிச்சை எண்ணெய் போட்டுப் பளபளவென்று தேய்ப்பாள். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவாள். யாரும் இல்லாத அந்தப் பெரிய அறையில், உனக்குக் கால் வலிக்கிறதே, ஒரு நிமிஷம் அந்த நாற்காலியில் உட்காரேன் என்று ஒரு தடவை கேட்டேன். “கூப்பிடாம உக்காந்தா அது உக்காந்ததா?” என்றாள். தரையில்தான் உட்கார்ந்தாள். அவளைக் கடைசி வரைக்கும் யாரும் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வீட்டுத் துணியில் போவேனா?

கோர்ட்டில் எங்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஆகஸ்ட் மாதத்து ஜார்ஜியா வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தது. என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஐம்பது வயதிருக்கும், வைக்கோல் தொப்பியை நீல ரிப்பனால் தாடைக்குக் கீழே முடிந்திருந்தாள். பெயர் கோரலீ ஸ்டப்ஸ். நெடுஞ்சாலை ஓரத்தில் பீச் பழக்கடை வைத்திருப்பவள். அவள் கடையைத் தாண்டித் தினமும் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பேசியதில்லை.

“ஐயோ, என்ன அழகுங்க அது!” என்றாள் என் தலையைப் பார்த்து. “உங்க பக்கத்துல உக்காந்தா என்னோடது கோழி அடை காக்கற கூடை மாதிரி இருக்கு.”

“உங்களுதும் நல்லாத்தான் இருக்கு. ரிப்பன் நீங்களே தைச்சீங்களா?”

“ஆமா. கோர்ட்டுன்னதும் பயமா இருந்துச்சு. கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னு.”

கைப்பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்து அவளுக்கு ஒன்று கொடுத்து நானும் ஒன்று போட்டுக்கொண்டேன். அவளும் முதல் தடவைதான் வருகிறாளாம். அவள் புருஷன், உன்னை எடுக்கவே மாட்டான் என்று சொல்லி அனுப்பினானாம். என் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். “ரெண்டு பேரையும் எடுத்துட்டா என் பக்கத்துலயே உக்காருங்க” என்றாள் கோரலீ.

வழக்கு இதுதான். லெமுவல் கேஸ்கின் என்று ஒருவன், கோழித் தீவன லாரி ஓட்டுகிறவன், எங்கள் நிறம்தான். எனக்கு அவனைத் தெரியாது, அவன் சர்ச் வேறு. ஏப்ரல் மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் காரைப் போலீஸ் நிறுத்தி, உள்ளே இருந்த சாமான்களையெல்லாம் ரோட்டில் கொட்டியது. லெமுவல் தன் வீட்டுப் படியில் நின்று போனில் படம் எடுத்தான். உள்ளே போ என்றார்கள். இது என் வீட்டுப் படி, இங்கேயே நின்று பார்க்கிறேன் என்றான். அதற்குப் பிறகு அவன் போலீஸ்காரரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான் என்கிறது அரசு. போலீஸ்காரர் படி ஏறி வந்து போனைப் பிடுங்கினார் என்கிறான் அவன். படம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. யார் சொல்வது உண்மை என்பதைப் பன்னிரண்டு பேர் சொல்ல வேண்டும். தள்ளினான் என்று சொல்லிவிட்டால் ஐந்து வருஷம் வரைக்கும் சிறை, தன் வீட்டுப் படியில் நின்றதற்கு.

அவன் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. சட்டைக் காலர் புதிது. பின்வரிசையில் அவன் மனைவி, கைக்குட்டையை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அரசு வக்கீல் லைல் சிரித்த முகக்காரர். ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். என்ன வேலை என்றார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன் என்றேன். போலீஸ்காரர் சாட்சி சொன்னால் நம்புவீர்களா என்றார். எல்லோரையும் கேட்பது போலத்தான் அவரையும் கேட்பேன், உண்மை என்று பட்டால் நம்புவேன் என்றேன். அவர் தலையைச் சாய்த்து, “அற்புதமான தொப்பிம்மா” என்றார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்புத்தான். நானும் சிரித்தேன். நன்றி ஐயா என்றேன். நன்றி என்று வேறு சொன்னேன்! அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு தரப்பு வக்கீல்களும் காகிதத்தில் ஏதோ குறித்தார்கள். பிறகு எடுத்தவர்களின் பெயர்களைப் படித்தார்கள். ஏழாவது நாற்காலிக்குக் கோரலீ ஸ்டப்ஸ். அவள் எழுந்து, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்தாள், எனக்கு இடம் பிடிக்கிற மாதிரி. எட்டாவது பெயர் என்னுடையது இல்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டு பேரும் அம்மா எண்ணெய் போட்டுத் துடைத்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அத்தனையும் வெள்ளை முகம். எங்கள் மாவட்டத்தில் பாதிப்பேர் கறுப்பர்கள்.

ஜட்ஜ் அந்தப் பன்னிரண்டு பேரையும் உள் அறைக்கு அனுப்பிவிட்டு, மீதிப்பேருக்கு நன்றி சொன்னார், போகலாம் என்றார். எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை. இந்த நேரத்துக்கே வீட்டுக்குப் போனால் ராஸ்கோ கார்ன்பிரட்டோடு வாசலில் நிற்பானே என்ற வெட்கம்தான். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கோர்ட்டு எல்லோருக்கும் பொது, யாரும் எழுப்பவில்லை.

அதனால்தான் அது என் காதில் விழுந்தது.

லெமுவலின் வக்கீல் மிஸ் கார்வர், அரசாங்கம் போட்டுக் கொடுத்த வக்கீல், எப்போதும் தூக்கம் போதாத முகத்தோடு இருக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் எழுந்து, வந்தவர்களில் கறுப்பர்கள் ஆறு பேர், ஆறு பேரையும் அரசுத் தரப்பு நீக்கிவிட்டது, இதை ஏற்க முடியாது என்றாள். வக்கீல்கள் காரணம் சொல்லாமலே சிலரை நீக்கலாம். நிறத்துக்காக மட்டும் நீக்கக் கூடாது. அப்படிச் சந்தேகம் வந்தால் காரணம் சொல்ல வேண்டும். ஜட்ஜ் லைலைப் பார்த்தார். லைல் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார், மளிகைச் சாமான் சொல்வது போல.

மிஸ்டர் ஃபான்டெய்ன் கைத்தடி வைத்திருக்கிறார், மூட்டு வலி உள்ளவருக்குக் கவனம் நிற்காது. மிஸ் ஜெஸமின் பதில் சொல்லும்போது கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அடுத்தவர் கண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வேகமாகப் பதில் சொன்னார். அதற்கடுத்தவர் யோசித்து யோசித்துச் சொன்னார். பார்த்தாலும் தப்பு, பார்க்காவிட்டாலும் தப்பு. வேகமும் தப்பு, நிதானமும் தப்பு. நான் பெஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்புறம் அந்தத் தொப்பிக்காரம்மா. அவ்வளவு பெரிய தொப்பி போட்டுக்கிட்டு கோர்ட்டுக்கு வர்றவங்க தன்னைக் காட்டிக்க வர்றாங்க. மத்தவங்களோட சேந்து உக்காந்து, விட்டுக் குடுத்துப் பேசி, ஒரு முடிவுக்கு வர்ற ஆளாத் தெரியல.”

“ஏழாம் நம்பர் ஜூரரும் தொப்பியோடதானே உக்காந்திருக்காங்க?” என்றாள் மிஸ் கார்வர்.

“அது சாதாரணத் தொப்பி. வெயிலுக்குப் போடறது.”

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரசு வக்கீல் சொன்ன காரணங்களில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றார். ஆட்சேபம் தள்ளுபடி, நாளைக் காலையில் விசாரணை தொடங்கும் என்றார். அவ்வளவுதான். லெமுவலின் மனைவி கைக்குட்டையை மடிப்பதை நிறுத்தினாள்.

என் உடம்பு முழுக்க எரிந்தது. அடித்தால்கூட இப்படி எரியாது. நீ கறுப்பி, வெளியே போ என்று லைல் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அவனை எந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இவனோ சிரித்துக்கொண்டே புகழ்ந்தான், புகழ்ந்த அதே தொப்பியைப் பிடித்து என்னை வெளியே தள்ளினான். அந்த நாற்காலிகளுக்கு நான் காட்டிய மரியாதையைத்தான் குற்றமாக எழுதிக்கொண்டான். வெறும் தலையோடு வந்திருந்தால் கோர்ட்டை மதிக்கத் தெரியாதவள் என்றிருப்பான். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னால்தான் ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்க முடியும். ஒரே ஒருத்தர் மாட்டேன் என்று தலையசைத்தாலும் முடியாது. அந்த ஒரே ஒருத்தருக்காகத்தான் இத்தனை பயம். ஆறு பேரில் ஒருத்தரைக்கூட உள்ளே விடாத பயம். இந்த நாட்டில் சமம் என்பதை மட்டும் எவ்வளவு அழகான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

வெளியே வந்து கோர்ட்டுப் படியில் நிழல் நீளும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கார் வரைக்கும் நடந்தேன். வண்டியை எடுத்தேன்.

வீட்டு வாசலில் ராஸ்கோ நின்றுகொண்டிருந்தான். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு, அவனால் மறைக்க முடியாத சிரிப்பு. காருக்குள்ளிருந்து நான் இறங்குவதற்குள் ஓடிவந்து கதவைத் திறந்தான்.

“மத்தியானம் வரலியே! மூணு மணி ஆச்சு, நாலு ஆச்சு. உக்கார வச்சுட்டாங்க, இல்ல? நான் சொன்னது தப்பாப் போச்சு, இல்ல? முடி வெட்டுற டேவிஸ் கடைக்குப் போன் பண்ணி எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் பொண்டாட்டிய உக்கார வச்சுட்டாங்கடான்னு!”

இதற்கு நான் தயாராக இல்லை. அவன் கேலி செய்தால் திருப்பிக் கொடுக்க வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். எதையும் நம்பாத மனுஷன் ஒரே ஒரு மத்தியானம் நம்பிவிட்டான். அவனைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினேன். அந்தச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கியதைப் பார்த்தேன் பாருங்கள், லைலை அதற்காக நான் மன்னிக்க மாட்டேன். என்னைத் தள்ளியதைக்கூட ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன்.

சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி மேஜைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவன் ஒருதடவைகூட நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லவில்லை. கார்ன்பிரட்டைச் சூடு பண்ணி வெண்ணெய் தடவி என் முன்னால் வைத்தான்.

“அப்ப நாளைக்கு என்ன பண்ணப் போற?” என்றான்.

“கோர்ட்டுக்குப் போகப் போறேன். பாக்கறதுக்கு யார் வேணாலும் போகலாம்ல.”

“தொப்பி?”

“அது இல்லாமயா?”

ஜெஸமினுக்குப் போன் செய்தேன். எங்கள் சர்ச்சில் பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள். லைல் சொன்னதைச் சொன்னேன்.

“கண்ணப் பாக்கலியாமா? அவன் மூஞ்சில பாக்கறதுக்கு என்ன இருக்கு சிஸ்டர்?” என்றாள். பிறகு குரல் மாறியது. “எங்கம்மா எனக்கு என்ன சொல்லி வளத்தாங்க தெரியுமா? வெள்ளக்காரனக் கண்ணுக்கு நேரா பாக்காதடி, வம்புன்னு. அத இன்னைக்கு எனக்கு எதிராத் திருப்பிட்டானே.”

“நாளைக்கு வர்றியா?”

“மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு வர்றேன். மத்தவங்களுக்கும் நானே சொல்றேன்.”

மறுநாள் காலையில் கோர்ட்டு வாசலில் அவர்கள் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். ஜெஸமின் மஞ்சள். கண்ணை முறைத்துப் பார்த்ததாகச் சொல்லப்பட்டவள் தேர்ச் சக்கரம் போல ஒரு வெள்ளைத் தொப்பி. மற்ற இருவரில் ஒருத்திக்குச் சிவப்பு, இன்னொருத்திக்குப் பச்சை, அதில் பட்டு ரோஜா. மிஸ்டர் ஃபான்டெய்ன் கைத்தடியும் சாம்பல் நிறத் தொப்பியுமாக நின்று, “லேடீஸ், நான் உள்ள வந்து கழட்டிருவேன், கோவிச்சுக்காதீங்க” என்றார். முந்தின நாள் நாங்கள் எல்லோரும் சிரித்தபடி உள்ளே போனவர்கள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அணிவகுத்துப் போய், ஜூரி வரிசைக்கு நேர் எதிரே முதல் பெஞ்சில் உட்கார்ந்தோம். ராஸ்கோ பின் வரிசையில் லெமுவலின் மனைவிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தான். லெமுவல் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். தாடையில் ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்ட கீறல். ஒவ்வொரு தொப்பியாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கோரலீ ஏழாவது நாற்காலியில், அதே வைக்கோல் தொப்பி, அதே நீல ரிப்பன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை லேசாகத் தூக்கினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. காரணம் சொன்ன நேரத்தில் அவர்களை உள்ளே அனுப்பியிருந்தார்களே. நான் கையைத் தூக்கவில்லை. அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கிய கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

முதல் சாட்சி அந்தப் போலீஸ்காரர். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்ட லைல் இரண்டு தடவை எங்கள் பக்கம் பார்த்தார். மூன்றாவது தடவை பாதிக் கேள்வியில் நிறுத்திவிட்டார். ஜட்ஜின் மேஜைக்குப் போய் ஏதோ கிசுகிசுத்தார். மிஸ் கார்வரும் போய்ச் சேர்ந்துகொண்டாள். ஜட்ஜ் எங்களைப் பார்த்தார், காவலுக்கு நின்ற டெபுடி வென்டெலைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

வென்டெல் எங்கள் நிறத்துப் பையன்தான். பையன் என்ன, நாற்பது வயசுக்காரன், மகள் கல்லூரி போகிறாள். சின்ன வயதில் என் பேருந்தில் வந்தவன், திருப்பத்துக்குத் திருப்பம் வாந்தி எடுப்பான். அந்தப் பெரிய உடம்பை வளைத்து என் காதருகே வந்தான்.

“மிஸ் ஆர்வெல்லா, தொப்பியெல்லாம் கழட்டச் சொல்றாருங்க.”

“பெண்கள் கழட்டணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு வென்டெல்?”

“சட்டத்துல இல்லீங்க. ஜூரி கவனம் கலையுதாம்.” அவன் நெற்றியில் வியர்வை. “என்னை இக்கட்டுல மாட்டி விடாதீங்கம்மா.”

“நானா உன்னை மாட்டி விட்டேன்?”

அவன் நிமிர்ந்து ஜட்ஜைப் பார்த்தான். கோர்ட்டு முழுக்க எங்களையே பார்த்தது. அப்போது மிஸ் கார்வர் தன் இடத்துக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

“யுவர் ஆனர், தொப்பி கூடாதுன்னா எல்லாருக்கும் கூடாது. ஜூரி வரிசையிலும் ஒரு தொப்பி இருக்கு. நேத்து அது ஒரு காரணமா இல்ல, இந்தம்மாவுக்கு மட்டும் காரணமா இருந்துச்சு.”

“மிஸ் கார்வர்!” என்று ஜட்ஜ் மேஜையைத் தட்டினார். ஜூரி முன்னால் அதைச் சொல்லக் கூடாது, அது எனக்கே தெரிந்தது. லைலின் காது மடல் சிவந்துவிட்டது. ஜூரி அதைக் காதில் வாங்கக் கூடாது என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். காதில் வாங்கியதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று சொல்லவில்லை. பிறகு களைத்துப்போன குரலில், “சரி. எல்லாரும் கழட்டுங்க. அங்கயும், இங்கயும்” என்றார்.

கோரலீயின் கை தாடைக்குக் கீழே ரிப்பன் முடிச்சுக்குப் போனது. சொன்னால் செய்கிற ஆள் அவள், முகத்திலேயே தெரியும். முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்து இழுக்கப் போனவள் நின்றாள். என்னைப் பார்த்தாள். என் தொப்பியைப் பார்த்தாள். பிறகு மஞ்சளை, வெள்ளையை, சிவப்பை, பச்சையை, மிஸ்டர் ஃபான்டெய்னின் முழங்கால்மேல் இருந்த சாம்பல் நிறத்தை. நேற்றுக் கூடத்தில் அவளோடு காத்திருந்த கறுப்பு முகங்கள் எல்லாம் ஒரே பெஞ்சில். அவள் இடது பக்கம் திரும்பித் தன் வரிசையின் ஆறு பேரைப் பார்த்தாள். வலது பக்கம் திரும்பி மற்ற ஐந்து பேரைப் பார்த்தாள். மெதுவாகத்தான் பார்த்தாள், ஏதோ தொலைந்ததைத் தேடுவது போல.

“மேடம்” என்றார் ஜட்ஜ். எங்கள் இருவரில் யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

என் கையும் தொப்பி ஊசியின் தலையில் இருந்தது. ஜெஸமின் பக்கத்திலிருந்து என் முழங்கையைத் தொட்டாள். வென்டெல் பூட்ஸை மாற்றி மாற்றி ஊன்றினான். லெமுவல் கேஸ்கின் குனிந்த தலையை நிமிர்த்தி அந்த வைக்கோல் தொப்பியைப் பார்த்தான்.

நான் முதலில் கழற்றுவதாக இல்லை. கோரலீ ஸ்டப்ஸின் விரல்கள் நீல ரிப்பனைப் பிடித்தபடியே இருந்தன, இழுக்கவில்லை, விடவும் இல்லை.